திணைமயக்கமும் இடம்பெயர்ந்த வீடும்: திறந்தவெளி அருங்காட்சியகங்களில் சிற்றூர் வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

பழைய சிற்றூர் வீடுகளை அவை நின்ற இடத்திலிருந்து பெயர்த்து, வேறோர் இடத்தில் மீள அமைத்துக் காட்டும் நிறுவனமே திறந்தவெளி அருங்காட்சியகம். 1891இல் சுவீடனில் தோன்றிய இவ்வகை, இன்று சென்னையை அடுத்த முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா வரை பரவியுள்ளது. இவ்வகை அருங்காட்சியகம் சிற்றூர் வாழ்வின் எக்கூறுகளைக் காக்க வல்லது, எக்கூறுகளைக் காக்க இயலாது என்பதைத் தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பகுப்பின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கருப்பொருள் இடம்பெயரும், நிலமும் பொழுதும் இடம்பெயரா. ஆகவே வீட்டைப் பெயர்ப்பதற்குமுன் அதன் முதற்பொருளையும் அதில் நிலவிய வாழ்வொழுக்கத்தையும் எழுத்தில் பதிவது இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: திறந்தவெளி அருங்காட்சியகம், ஸ்கான்சன், தட்சிணசித்ரா, முதற்பொருள், கருப்பொருள், திணைமயக்கம், வட்டாரச் சொல்.

முன்னுரை

அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பேழையும் அதனுள் வைக்கப்பட்ட சிலையும் காசும் நினைவுக்கு வரும். அப்பொருள்களைச் சூழலிலிருந்து பிரித்துத் தனித்துக் காட்டுவது அம்முறை. திறந்தவெளி அருங்காட்சியகம் இதற்கு மாறான நோக்குடையது. உரலை அடுக்களையிலும், அடுக்களையை வீட்டிலும், வீட்டைத் தெருவிலும் வைத்துக் காட்ட அது முயல்கிறது. பொருளை அதன் சூழலோடு சேர்த்துக் காப்பதே அதன் குறிக்கோள்.

ஆயினும் அச்சூழலும் செயற்கையாக அமைக்கப்பட்டதே. வெவ்வேறு ஊர்களிலிருந்தும் காலங்களிலிருந்தும் வந்த வீடுகள் அங்கு ஒரே வளாகத்தில் நிற்கின்றன. அவ்வீடுகளின் மூல ஊர்கள் மாறிவிட்ட நிலையில், வருங்காலத் தலைமுறை ‘சிற்றூர்’ என்று அறியப்போவது பெரும்பாலும் இந்த வளாகத்தையே. எனவே அங்கு எது காட்டப்படுகிறது, எது விடுபடுகிறது என்னும் வினா, ஒரு சமூகம் தன் கடந்த காலத்தை எவ்வாறு அறிந்துகொள்ளும் என்னும் வினாவாகவும் ஆகிறது.

1. தோற்றமும் பரவலும்

ஸ்கான்சன் அருங்காட்சியகத்தை நிறுவிய ஆர்தூர் ஹசேலியஸ் (1833–1901) அடிப்படையில் ஒரு மொழி அறிஞர். சுவீடிய மொழியைக் கற்பித்தவர்; 1869இல் ஸ்டாக்ஹோமில் கூடிய நோர்டிக் எழுத்துச் சீர்திருத்த மாநாட்டில் பங்கேற்றவர். 1872இல் தாலர்னா பகுதிக்கு மேற்கொண்ட பயணத்தில், தொழில்மயமாதலின் விரைவில் உழவர்தம் உடையும் புழங்குபொருளும் மறைந்து வருவதைக் கண்டார். மறுஆண்டே ஸ்டாக்ஹோமில் தம் தொகுப்பைப் பொதுமக்களுக்குத் திறந்தார். 1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், உடையணிந்த உருவங்களைக் கொண்டு உழவர் இல்லக் காட்சிகளை அமைத்தார். உருவங்களும் அறைகளும் போதாவென்ற எண்ணத்தின் அடுத்த நிலையாக, முழு வீடுகளையே கொணர்ந்து 1891 அக்டோபர் 11 அன்று ஸ்கான்சனைத் திறந்தார். தாலர்னாவின் மோரா ஊரிலிருந்து வந்த மரவீடு அங்கு அமைந்த முதல் வீடுகளுள் ஒன்று.

‘ஸ்கான்சன்’ என்பது சிறு அரணைக் குறிக்கும் சொல். அரண் இருந்த குன்றின் பெயர் அருங்காட்சியகத்தின் பெயராகி, பின்னர் போலிஷ், செக், அங்கேரிய மொழிகளில் திறந்தவெளி அருங்காட்சியகம் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று.

ஹசேலியஸுக்கு முன்பே நார்வேயில் மன்னர் இரண்டாம் ஆஸ்காரின் பெயரால், கோல் ஊரின் இடைக்கால மரத்தேவாலயம் முதலிய கட்டடங்கள் பிக்டொய் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டன. அத்தொகுப்பு 1907இல் நார்வே மக்கள் அருங்காட்சியகத்தோடு இணைந்தது. லில்லஹாமரில் பல்மருத்துவரான ஆன்டர்ஸ் சான்ட்விக் திரட்டிய வீடுகள் மைஹௌகன் அருங்காட்சியகமாயின. பாரிஸில் ஹசேலியஸின் காட்சிகளைக் கண்ட பெர்ன்ஹார்ட் ஓல்சன் 1897இல் டென்மார்க்கில் இவ்வகையைத் தொடங்கினார். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 1936இலும், வேல்சின் செயின்ட் ஃபேகன்சில் 1948இலும் இத்தகைய அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. இந்தியாவில் 1977இல் நிறுவப்பட்டுப் பின்னர் போபாலில் நிலைபெற்ற இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகமும், 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் குறிப்பிடத்தக்கவை.

2. பெயர்த்தற்குரிய வீடும் பெயர்த்தற்கரிய வீடும்

வீட்டைப் பெயர்த்தல் ஒழுங்குமுறை சார்ந்த வேலை. முதலில் வீடு அளந்து வரையப்படும்; ஒவ்வொரு பக்கமும் ஒளிப்படம் எடுக்கப்படும். பின்னர் ஒவ்வொரு தூணுக்கும் உத்திரத்துக்கும் கதவுக்கும் எண் இடப்படும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பிரித்து, புதிய இடத்தில் கடைக்காலிலிருந்து மேல்நோக்கிக் கூட்டுவர். மக்கிய மரத்திற்கு மாற்றாகப் புது மரம் சேரும். வாழ்ந்த காலத்தில் செய்த மாற்றங்களை நீக்குவதா, காப்பதா என்பதும் இந்நிலையிலேயே முடிவு செய்யப்படும்.

இம்முறை எல்லா வீடுகளுக்கும் ஒத்துவருவதன்று. மரக்கட்டைகளைக் கிடைமட்டமாக அடுக்கி மூலைகளில் வெட்டிப் பொருத்திய ஸ்காண்டிநேவிய வீடு, பிரித்துக் கூட்டுவதற்கு ஏற்றது. கேரளத்தின் மரப்பலகை வீடும் அத்தகையதே. மண்சுவரோ பிரித்தால் மண்ணாகிவிடும். கீற்றும் பனையோலையும் வைக்கோலும் வேய்ந்த கூரை, வாழும் காலத்திலேயே சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்படுவது. அவ்வீட்டைக் கொண்டுசெல்ல இயலாது. மீண்டும் கட்டவே இயலும்.

கட்டுமானப் பொருளைச் சார்ந்த இவ்வேறுபாடு சமூக வேறுபாடாகவும் ஆகிறது. தேக்குத்தூணும் சுட்ட ஓடும் உடையோர் வீடுகள் மூலப்பொருளோடு அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்கின்றன. கூலி உழவரின் வீடு வருமாயின், படியாகவே வரும். எவரும் திட்டமிட்டு விலக்காதபோதும் செல்வருடைய வாழ்வு சான்றாகவும் வறியவர் வாழ்வு மாதிரியாகவும் காட்சிப்படுவதற்கு இதுவே முதற்காரணம். மண்வீட்டைப் பொறுத்தவரை காக்கப்பட வேண்டியது சுவர் அன்று, சுவர் வைக்கும் கைத்திறனே. போபாலில் பழங்குடி வாழ்விடங்களை அந்தந்தச் சமூகத்தினரே வந்து தம் முறைப்படி கட்டியமை இதற்கு ஒரு தீர்வாக அமைகிறது.

3. முதல், கரு, உரி

தொல்காப்பிய அகத்திணையியல், திணையின் கூறுகளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல் முதலிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். இவை அகப்பாடலின் பொருளமைதிக்கென வகுக்கப்பட்டவை. வாழ்விட ஆய்வுக்கென வகுக்கப்பட்டவை அல்ல. எனினும் ஒரு வாழ்வை நிலம், அதில் விளையும் பொருள், அங்கு நிகழும் ஒழுக்கம் என்னும் அடுக்குகளாகப் பிரித்துக் காணும் இம்முறை, அருங்காட்சியகத்தை ஆராயவும் பயன்படும். இங்கு உரி என்பது வீட்டில் வாழ்ந்தோரின் நடப்பொழுக்கம் என்னும் விரிந்த பொருளில் ஆளப்படுகிறது.

அகத்திணையியலின் இரு விதிகள் இங்குக் கருதத்தக்கவை. திணை மயங்குதல் விலக்கப்படவில்லை. ஆனால் நிலங்கள் ஒன்றோடொன்று மயங்குதல் இல்லை என்பது ஒன்று. ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும், அந்நிலத்தோடும் பொழுதோடும் வாராமல் வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்தின் பயனையே தரும் என்பது மற்றொன்று.

திறந்தவெளி அருங்காட்சியகத்தின் இயல்பை இவ்விரு விதிகளும் தெளிவாக்குகின்றன. வீடு, ஏர், தறி, பறை, பானை ஆகிய கருப்பொருள்கள் இடம்பெயர வல்லவை. அவை வந்தபின் வந்த இடத்தின் பயனைத் தருகின்றன. நெல் குத்திய உரல் இப்போது நெல் குத்துவதில்லை. ‘நெல் இவ்வாறு குத்தப்பட்டது’ என்று அறிவிக்கிறது. இது குறையன்று, இடம்பெயர்ந்த கருப்பொருளின் இயற்கை. வந்த நிலத்தின் பயனையே பிறந்த நிலத்தின் பயனாகக் கருதும்போதுதான் பிழை நேர்கிறது.

4. நிலம்: காட்சிக்கு வாராத தொலைவு

தட்சிணசித்ரா, தெபோரா தியாகராஜன் 1984இல் நிறுவிய சென்னைக் கைவினை அறக்கட்டளையின் முயற்சியால் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், 10 ஏக்கர் பரப்பில் அது அமைந்துள்ளது. வளாகத்தின் வடிவமைப்பில் லாரி பேக்கரும், அவர்வழி வந்த கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸும் பங்காற்றினர். தமிழகம், கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் வீடுகள் அங்குப் பிரிவு பிரிவாக நிற்கின்றன. கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த 19ஆம் நூற்றாண்டுச் சிரியன் கிறித்தவர் மரவீடு, செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு ஆகியன அவற்றுட் சில. இடிப்பதற்கு விடப்பட்ட வீடுகளை வாங்கி, மரபுக் கைவினைஞரைக் கொண்டே பிரித்துக் கூட்டியமையால், அழியவிருந்தவை நின்றன. இப்பணி இன்றேல் அவ்வீடுகளின் தூண்கள் பழம்பொருள் கடைகளுக்குத் தனித்தனியே சென்றிருக்கும்.

இத்தகைய வளாகத்தில் பார்வையாளர் ஒரு சாதியின் அல்லது தொழிலின் வீட்டிலிருந்து மற்றொன்றிற்குச் சில நிமிடங்களில் நடந்துவிடுகிறார். மூல ஊரில் அத்தொலைவு அவ்வளவு எளியதன்று. அக்கிரகாரத்திற்கும் குயவர் தெருவிற்கும், ஊருக்கும் சேரிக்கும் இடையிலிருந்த வெளி நிலவியல் சார்ந்தது மட்டுமன்று. எவர் எவ்வழியே நடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம், பிணம் எவ்வழியே செல்லும் என்பவற்றை அவ்வெளியே ஒழுங்குபடுத்தியது. வீடு வருகிறது, வீடுகளுக்கிடையிலான தொலைவு வருவதில்லை. நிலம் மயங்காது என்னும் விதியின் முழுப்பொருள் இங்கு விளங்குகிறது.

வீட்டின் உள்ளேயும் இத்தகைய எல்லைகள் இருந்தன. திண்ணையில் அமரத்தக்கவர், முற்றம்வரை வரத்தக்கவர், கொல்லைப்புறத்தில் நின்றே கூலி பெறவேண்டியவர் என வருவோர் பிரிக்கப்பட்டிருந்தனர். இன்றைய பார்வையாளர் தலைவாயிலில் நுழைந்து அடுக்களைவரை தடையின்றி நடக்கிறார். அவ்வீடு வாழ்ந்த காலத்தில் அவ்வாறு நடக்க இயன்றவர் எவர் என்பதை அறிவிப்புப் பலகையோ வழிகாட்டியோ சொன்னாலன்றி, அவர் காண்பது கட்டட அமைப்பு மட்டுமே. எல்லாருக்கும் திறந்த வீடாகவே அது என்றும் இருந்தது என்னும் எண்ணம் அவரையறியாமலே அவரிடம் உண்டாகும்.

5. பொழுது: எந்த ஆண்டின் வீடு?

நூறாண்டு வாழ்ந்த வீட்டிற்கு ஒரே தோற்றம் இருந்திராது. ஓலை ஓடாகியிருக்கும், அகல்விளக்கு மண்ணெண்ணெய் விளக்காகிப் பின் மின்விளக்காகியிருக்கும். திறந்தவெளி அருங்காட்சியகம் இவற்றுள் ஒரு தருணத்தைத் தேர்ந்து வீட்டை அதில் நிறுத்துகிறது. பெரும்பாலும் தேர்ந்துகொள்ளப்படுவது மின்சாரம் வருவதற்கு முந்திய, நாள் குறிக்கப்படாத ஒரு ‘பழங்காலம்’. அதனால் சிற்றூர் மாறாதிருந்தது போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

இச்சிக்கலுக்குச் செயின்ட் ஃபேகன்ஸ் தந்த விடை எடுத்துக்காட்டத்தக்கது. மெர்தர் திட்விலின் ரிட்-அ-கார் பகுதியில் 1795 அளவில் இரும்புத்தொழில் தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட ஆறு வரிசைவீடுகள் அங்குப் பெயர்த்தமைக்கப்பட்டன. ஆறும் ஒரே அமைப்புடையவை. அவற்றை முறையே 1805, 1855, 1895, 1925, 1955, 1985 ஆகிய ஆண்டுகளின் நிலையில் அருங்காட்சியகம் காட்டுகிறது. அறைகலனும் அடுப்பும் மட்டுமன்றித் தோட்டமும் புறக்கட்டும்கூட அந்தந்த ஆண்டிற்கேற்ப மாறுகின்றன. ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயிலுக்குச் செல்பவர் ஒரு தலைமுறையையோ இரண்டையோ கடக்கிறார். சுவர் மாறாமலே வாழ்வு மாறியதை இவ்வரிசை சொல்லின்றி உணர்த்துகிறது. உழவர் வீட்டோடு நில்லாது தொழிலாளர் வீட்டையும் மரபாக ஏற்றமையும் இதன் சிறப்பு.

தமிழகச் சிற்றூர் வீட்டிற்கும் இம்முறை பொருந்தும். நெசவாளர் வீடொன்றைக் குழித்தறி இருந்த நிலையிலும், விசைத்தறி வந்த நிலையிலும், தறி விற்கப்பட்டுக் குழி மூடப்பட்ட நிலையிலும் காட்டலாம். மூன்றாம் நிலையே அவ்வீடு அருங்காட்சியகத்திற்கு வந்த காரணத்தைச் சொல்லும்.

6. உரி: வீட்டில் இருந்தோர்

வெற்று வீடு வாழ்வைக் காட்டாது என்பதை ஹசேலியஸ் உணர்ந்திருந்தார். ஸ்கான்சனில் மரபுடை அணிந்த காப்பாளர்களையும் இசைக்கலைஞர்களையும் அமர்த்தினார். விழாக்களை நடத்தினார், 1903 முதல் அங்குக் கிறித்துமஸ் சந்தை கூடிவருகிறது. ஆனால் தொடக்கத்திலேயே சாமி இனத்தவரின் குடில்களும் அவற்றில் தங்கிய குடும்பங்களும் பார்வைக்கு உரியனவாயின. கைவினையைச் செய்துகாட்டுதலுக்கும் மனிதரையே காட்சிப்பொருளாக்குதலுக்கும் இடையிலான எல்லை மெல்லியது என்பதை இது உணர்த்துகிறது.

புக்கரெஸ்ட் சிற்றூர் அருங்காட்சியகம் வேறு வழியில் தொடங்கிற்று. சமூகவியலாளர் திமீத்ரியே குஸ்டி 1925 முதல் மாணவர் குழுக்களோடு ருமேனியச் சிற்றூர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வந்தார். அவ்வாய்வின் பயனாகவே 1936இல் அருங்காட்சியகம் எழுந்தது. ஊர்களிலிருந்து வந்த உழவரே வீடுகளைக் கூட்டினர். சில குடும்பங்கள் அவற்றில் தங்கவும் செய்தன. அழகிய பழமையைக் காட்டுவதினும் வாழும் சமூகத்தை விளக்குவதே நோக்கம். 1940இல் பெசராபியாவும் வட புக்கோவினாவும் சோவியத் ஒன்றியத்தின்வசம் சென்றபின், அங்கிருந்து ஏதிலியராக வந்தோர் இவ்வீடுகளில் குடியேற்றப்பட்டனர். காட்சிக்கென நின்ற வீடு மீண்டும் குடியிருப்பாயிற்று. பொருள்களுக்கு அது சேதம் விளைவித்தது. எனினும் வீடு என்பதன் முதற்பயன் எதுவென்பதை வரலாறு அங்கு நினைவூட்டிற்று.

யாருடைய வாழ்வு காட்டப்படுகிறது என்னும் வினாவிற்கு ஸ்கான்சனே பின்னாளில் ஒரு விடை தந்தது. ஸ்டாடாரே எனப்பட்ட பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தோடு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்து, கூலியின் பெரும்பகுதியைத் தானியமும் பாலுமாகப் பெற்றவர்கள். அம்முறை 1945இல் ஒழிந்தது. அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வரிசைக்குடியிருப்பு ஒன்றும் இன்று ஸ்கான்சனில் நிற்கிறது. தமிழ் வாசகருக்கு இது, 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திற்குக் காரணமான வாழ்நிலையை நினைவூட்டும். தஞ்சை வட்டாரத்தின் மிராசுதார் வீட்டை மட்டும் காப்பது அவ்வட்டாரத்தின் பாதி வரலாற்றையே காப்பதாகும்.

7. பெயர்த்தலுக்கு முன் பதிதல்

வீட்டைப் பெயர்ப்பதற்கு மாற்றாக, அது நிற்கும் இடத்திலேயே ஊராரின் பொறுப்பில் காக்கும் ‘சூழல் அருங்காட்சியகம்’ என்னும் கருத்து 1970களில் பிரான்சில் உருவானது. முதற்பொருளை இழக்காத முறை அது. ஆனால் குடியிருப்போர் வெளியேறிவிட்ட, மனை விலைபோய்விட்ட ஊர்களில் அதற்கு வாய்ப்புக் குறைவு. அங்குப் பெயர்த்தலே எஞ்சிய வழி. அவ்வாறு பெயர்க்கும்போது, இடம்பெயராதவற்றை எழுத்தாகவேனும் உடன் கொண்டுவர நான்கு பதிவுகள் தேவைப்படுகின்றன.

முதலாவது, நிலப்பதிவு. வீட்டின் திசை, மனையின் மண், நீர்நிலை, கோயில், வயல், சுடுகாடு ஆகியவற்றிலிருந்து அதன் தொலைவு, அண்டை வீட்டார் யாவர் என்பன இதில் இடம்பெறும். ஊரின் வரைபடமொன்றை வீட்டு வாயிலில் வைத்தாலே தொலைவு காட்சிக்கு வந்துவிடும்.

இரண்டாவது, பொழுதுப்பதிவு. வீடு கட்டிய காலம், பின்னைய மாற்றங்கள், காட்சிக்குத் தேர்ந்த ஆண்டு, வீடு கைவிடப்பட்ட காரணம் ஆகியன இதற்குரியவை.

மூன்றாவது, ஒழுக்கப்பதிவு. வாழ்ந்தோர், வேலை செய்தோர், ஒவ்வொரு பகுதியிலும் நுழைய இசைவு பெற்றோர், பெறாதோர் ஆகியோர் பற்றிய செய்திகளை வாய்மொழியாகத் திரட்டுதல் இது. வீட்டுரிமையாளரிடம் மட்டுமன்றி, அவ்வீட்டில் வேலைசெய்தவர் வழியினரிடமும் கேட்டால்தான் இப்பதிவு நிறைவுறும்.

நான்காவது, சொற்பதிவு. தமிழாய்வாளர்க்கு நேரடியாக உரிய பணி இது. திண்ணைக்கும் முற்றத்திற்கும் இடைப்பட்ட வழி அக்கிரகார வழக்கில் ரேழி. செட்டிநாட்டில் வளவு, பட்டாலை என்னும் சொற்கள் வழங்குகின்றன. நெல்லைப் பகுதியில் தார்சா. தானியம் சேமிப்பதற்குரிய கலம் ஓரிடத்தில் குதிர்; கரிசல் வட்டாரத்தில் குலுக்கை; மரத்தால் அமைந்தால் பத்தாயம். அறிவிப்புப் பலகை இவை அனைத்தையும் ‘தானியக் கொள்கலன்’ என்று எழுதிவிட்டால், பொருள் நின்றும் சொல் அழியும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குகளை அகராதியாகத் தொகுத்த முயற்சி, ஒவ்வொரு வீட்டளவிலும் செய்யத்தக்கது. மொழி அறிஞர் ஒருவரே திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

திறந்தவெளி அருங்காட்சியகம் அழியவிருந்த வீடுகளைக் காத்துள்ளது. கைவினைஞர்க்குத் தொழிலும் மதிப்பும் தந்துள்ளது. தொல்காப்பியப் பகுப்பின் வழி நோக்குகையில், அது கருப்பொருளைக் காக்கும் நிறுவனம் என்பது தெளிவாகிறது. நிலத்தை அதனால் கொணர இயலாது. பொழுதைத் தேர்ந்தே காட்ட இயலும். ஒழுக்கத்தைச் சொல்லியே விளக்க இயலும். ரிட்-அ-கார் வரிசைவீடுகள் பொழுதைக் காட்டும் வழியையும், ஸ்கான்சனின் பண்ணைத்தொழிலாளர் குடியிருப்பு விடுபட்டோரைச் சேர்க்கும் வழியையும், போபாலின் குடில்கள் கைத்திறனைக் காக்கும் வழியையும் உணர்த்துகின்றன. தமிழகத்தில் ஓட்டுவீடுகள் இடிந்து கற்காரைக் கட்டடங்கள் எழும் இக்காலத்தில், எல்லா வீடுகளையும் பெயர்த்துக் காத்தல் நடவாது. ஆயினும் இடியும் வீட்டின் அளவையும் திசையையும், அதன் உறுப்புகளின் பெயர்களையும், அதில் வாழ்ந்தோர் வாய்மொழியையும் பதிதல் இயலும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் தத்தம் வட்டாரத்தில் இப்பணியை மேற்கொண்டால், பெயர்க்கப்படும் சில வீடுகளுக்கு அது உரையாகும். பெயர்க்கப்படாத பல வீடுகளுக்கு அதுவே எஞ்சும் சான்றாகும்.